நாலு காலும் நாலு அளவு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்களை மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் விடக்கூடாது என்று யாராவது மனு எழுதினால், முதல் கையெழுத்தை என் மனைவி போடுவாள். நான் முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவன். ஊரார் நிலத்தை அளந்து, கல் நட்டு, சண்டை போட்டவர்களை மிரட்டி அனுப்பிப் பழகிவிட்டு, ஒரு நாள் மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கையில் போன் இருந்தது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடந்தது. போன் வீடியோவில் ஒருவர் சிரித்த முகமாக நாலு பலகையை அறுத்து, ஏழு நிமிஷத்தில் ஒரு பெஞ்சி செய்து, அதிலேயே உட்கார்ந்து டீயும் குடித்தார். சனி பிடித்தது அப்போதுதான்.

ரம்பம் வந்தது, இழைப்புளி வந்தது, துளை போடும் மிஷின் வந்தது. "இது எல்லாம் எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். "நீ உக்காரத்தான்" என்றேன். அவள் தன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கை விரிசல் விட்டு, கம்பி போட்டுக் கட்டிய நாற்காலி அது. அதில் உட்கார்ந்துதான் அவரைக்காய் உரிப்பாள், பேப்பர் படிப்பாள், என்னைத் திட்டுவாள். நான் செய்த ஒன்றில் அவளை ஒரு தடவையாவது உட்காரவைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவு செய்தேன். மூன்று வருஷம் நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

இடித்த வீட்டு மரம் விற்கும் கடையிலிருந்து பழைய வாசல் நிலைகளை வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் எருமைக்கன்று கனம். யார் வீட்டிலோ வெள்ளிக்கிழமை தவறாமல் பூசிய மஞ்சளும் குங்குமமும் மரத்துக்குள்ளேயே ஊறிப்போயிருந்தன. அதை அறுத்து, ஒரு பெஞ்சி செய்து, துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, வந்து உக்காரு."

அவள் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்தும் பார்த்தாள். "நிலை மரம்லா இது? வாசப்படியில உக்காராதன்னு சின்னப்பிள்ளைகளுக்கே சொல்லுதோம். லச்சுமி நிக்கிற எடம். அதுல போயி எப்படி உக்காருவேன்?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! மரத்துக்கு ஏது சாமி, ரம்பத்தால் அறுத்த பிறகு ஏது நிலை என்று அரைமணி நேரம் பேசினேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

பெஞ்சி கொஞ்சம் ஆடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆசாரி எட்டிப் பார்த்தார். அவர் கைவைத்த கதவு இந்தத் தெருவில் பாதி வீட்டில் உண்டு. பெஞ்சியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "பெஞ்சி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒங்க தரைதான் சரியில்ல போல" என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மனுஷன் அதைத்தான் எனக்குச் சொன்னார் என்பது விளங்க ஒரு வருஷம் ஆனது. நான் அதை அப்படியே நம்பி, தரையைத் திட்டிக்கொண்டு, நீளமாக இருந்த காலைச் சீவினேன். இப்போது எதிர்க்கால் நீளமாகிவிட்டது. அதையும் சீவினேன். முழங்கால் உயரத்தில் பிறந்த பெஞ்சி, பொழுது சாய்வதற்குள் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

பசுவந்தனையில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனன், அக்காவைப் பார்க்க வந்தவன், வெள்ளந்தியாக அதில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதை விட இறங்கினான் என்று சொல்லலாம். காப்பியை வாங்கக் கை நீட்டியபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை வேட்டியெல்லாம் காப்பியாக எழுந்தான். "அத்தான், இது உக்காரதுக்கா, உருளுறதுக்கா?" என்று கேட்டான். அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பில் நான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சிறியதில் தோற்றவன் பெரியதில் கை வைப்பான். அடுத்து ஒரு மரப்பந்தல். வீடியோக்காரர் அதற்கு பெர்கோலா என்று பெயர் சொன்னார். நாலு கால், மேலே குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் கொடி படரும், அடியில் மனைவி உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். ஐப்பசி மழை ஓய்ந்த வாரத்தில் குழி தோண்டினேன். கடப்பாறையை வைத்ததும் வெந்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. முட்டளவு தோண்டி, காலை நட்டு, தோண்டிய மண்ணையே போட்டு மிதித்தேன். கரிசல் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அவள் பின்வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவுதான் தோண்டுனீங்களா? இது செவக்காடு இல்லங்க, கரிசல். மழைக்கு வீங்கும், வெயிலுக்கு வாயப் பொளக்கும். சுக்கான்பாறை தட்டுற வரைக்கும் தோண்டி, ஓடமணலப் போட்டு நெரப்பணும். எங்க ஊருல மாட்டுத்தொழுவுக்கே அப்படித்தான் செய்யுவாங்க."

"எனக்கே சொல்லுதியா? நான் நட்ட கல்லு இந்தத் தாலுகாவுல எத்தன நிக்கிது தெரியுமா?"

"நிக்கிதா?" என்றாள்.

அவள் கேட்ட கேள்வி நியாயமானது. நாகலாபுரம் பக்கம் ஒரு அண்ணனும் தம்பியும், எல்லைக்கல் ஒரு சாண் சாய்ந்து கிடந்ததற்காக வெட்டுக்குத்து வரைக்கும் போனார்கள். நான் போய் இரண்டு பேரையும் ஓங்கிய குரலில் மிரட்டி, இனிமேல் கல்லைத் தொடமாட்டோம் என்று எழுதி வாங்கி வந்தேன். கல்லைச் சாய்த்தது மண்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மண்ணிடம் கையெழுத்து வாங்க முடியாது என்பதால் அவர்களிடம் வாங்கினேன். இப்படி எல்லாம் தெரிந்தவன், எங்கோ செம்மண் பூமியில் இருப்பவருடைய வீடியோவைப் பார்த்து, கரிசலில் முட்டளவுக் குழியில் கால் நட்டான் என்றால் அவனை என்ன சொல்வது? அவள் சொன்னதை நான் சொல்லமாட்டேன்.

தை மாதம் பந்தலைப் படம் எடுத்து, ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். கும்பிடும் கைகளும் பூங்கொத்துமாகக் கொட்டியது. ஒருவர் "சார், நீங்கள் பிறவிக் கலைஞர்" என்று எழுதினார். அளக்கப் போன இடத்தில் அளவுச் சங்கிலியை மறந்துவிட்டு வந்த மனுஷன் அவர். இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மனைவி சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, பந்தலின் நிழல் முடியும் இடத்தைப் பார்த்து, அதற்கு ஒரு முழம் வெளியே போட்டு உட்கார்ந்தாள். "உள்ள வாட்டி" என்றேன். "அதுவும் நிலை மரம்தான?" என்றாள். நிழலுக்கும் சாஸ்திரமா என்று கத்தினேன். அவள் பேப்பரைத் திருப்பினாள்.

மாசியில் முதல் விரிசல். பங்குனியில் என் பென்சில் ஒன்று விரிசலுக்குள் விழுந்தது, நான் குனிந்து தேடவில்லை. நாலு காலும் தத்தம் குழிக்குள் கிழவன் பல் மாதிரி நின்றன. நான் கயிறு கட்டினேன், கல் செருகினேன், அவள் வரும்போது அங்கே நின்று மறைத்தேன். சித்திரையில் ஒரு காலை நேரம், ஒரு காக்கா வந்து குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்தது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் பந்தலே விழுந்தது.

விழுந்த இடத்தில்தான் அந்தச் சிவப்பு நாற்காலி இருந்தது. பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவள் உள்ளே போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாற்காலி மூன்று துண்டு. அவள் வெளியே வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நாற்காலி போச்சே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு முட்டு ஆபரேஷன். தள்ளித் தள்ளிப் போட்டு வந்தது, இனிமேல் முடியாது என்று திருநெல்வேலியில் செய்தோம். நல்லபடியாக முடிந்தது. குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கக்கூஸ் பின்வாசலில் இருக்கிறது, கட்டி இருபத்தைந்து வருஷம் ஆன பழைய மாதிரி. பெங்களூரில் இருக்கும் மகன், நடுவில் ஓட்டை வைத்த ஸ்டீல் நாற்காலி ஒன்றை வாங்கி அனுப்பினான். பீங்கானுக்கு மேலே அதைப் போட்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் அந்தத் தரையின் அடியிலும் கரிசல்தானே? வருஷா வருஷம் வீங்கி இறங்கி, தளம் அங்கங்கே தூக்கிக்கொண்டு கிடந்தது. நாற்காலியின் ஒரு கால் எப்போதும் அந்தரத்தில். அட்டை மடித்து வைத்தேன், நனைந்து வழுக்கியது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, தளத்தை உடைத்துப் போட்டு ஆறவிட ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரம் அவள் எங்கே போவாள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள்தான் நான் கவனித்தேன். காலையில் கட்டில் பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீர் சாயங்காலமும் அப்படியே இருந்தது. அக்னி நட்சத்திர வெயில். உதடு வெடித்திருந்தது.

"ஏட்டி, தண்ணி குடிக்கலையா?"

"தாகம் எடுக்கல."

"இந்த வெயிலுக்கா?"

"குடிச்சா போணும்லா? அது டக்கு டக்குனு ஆடுது. விழுந்துட்டா இந்த முட்டும் போச்சு, மானமும் போச்சு. எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பாம்பை விளக்குமாறால் தள்ளிவிட்டவள் அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விழுந்து கிடந்த பந்தலின் மரத்தை எடுத்தேன். போனை உள்ளே வைத்துவிட்டேன். கட்டிலில் அவள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, குதிகாலிலிருந்து முட்டுவரைக்கும் டேப்பை வைத்து அளந்தேன். "என்ன, பட்டா போடப் போறீங்களா?" என்றாள். நாடு முழுக்க அளந்தவன், இவளை அளந்தது அதுதான் முதல் தடவை. பிறகு கக்கூஸுக்குள் முட்டி போட்டு, நாலு கால் நிற்கும் இடத்தையும் சாக்பீஸால் குறித்து, மேடு பள்ளம் காட்டும் ரசமட்டம் வைத்து, ஒவ்வொன்றாக அளந்தேன். நாலு இடமும் நாலு உயரம். காலையும் அப்படியே அறுத்தேன், ஒன்று போல ஒன்று கிடையாது. துளை போட்டு, முனையைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கினேன். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தேன். நடுவில் வட்டமாக அறுத்து, அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்ததுதான் அதிக நேரம். என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், உறுத்தாத வரைக்கும் தேய்த்தேன்.

ஆசாரி வந்தார். "நிலை மரத்துலயா அண்ணாச்சி இதப் பண்ணுதீங்க? பாவம்லா!" என்றார். பிறகு நாற்காலியைத் தொட்டார், அது முற்றத்துத் தரையில் தாராளமாக ஆடியது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்தத் தடவயும் தரைதானா?"

"ஆமா, தரைதான்" என்று சொல்லி, தூக்கிக்கொண்டு போய் உள்ளே சாக்பீஸ் குறியில் வைத்தேன். அவர் வந்து இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். தன் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினார். நாலு காலும் அசையவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். வாசலில் நின்று பார்த்தாள். மஞ்சள் கறை இருந்த பலகை என்று அவளுக்குத் தெரியும். கைப்பிடியைப் பிடித்தாள், மெதுவாக உட்கார்ந்தாள். இடமும் வலமுமாகச் சாய்ந்து பார்த்தாள்.

"அப்ப நிலை மரத்துல உக்காரக்கூடாதுன்னு சொன்னியே?"

"அது ஒங்க மனசு நோகக்கூடாதுன்னு சொன்னது. ஆடுற பெஞ்சியில எவ உக்காருவா?" என்றாள். "மூணு வருசத்துல ஒண்ணே ஒண்ணு உருப்படியாச் செஞ்சிருக்கீங்க. அதுலயும் நடுவுல ஓட்டை. கதவச் சாத்திட்டுப் போங்க."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வெயிலில் நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டக்கென்று ஒரு சத்தம் இல்லை. திரும்பக் கூட்டி வந்து கட்டிலில் உட்காரவைத்தேன். அவள் செம்பை எடுத்து, அண்ணாந்து, ஒரு சொட்டு மீதி இல்லாமல் குடித்தாள். பிறகு வெறும் செம்பை என் பக்கம் நீட்டி, "இன்னொரு செம்பு கொண்டாங்க" என்றாள்.