புறப்பட்டவளைப் பின்னாலிருந்து கேட்டவன்

என் தங்கையின் பயணத்தைக் கெடுத்தவன் நான். வாய் தவறிக் கேட்டுவிட்டேன் என்று வீட்டில் நம்புகிறார்கள். இல்லை... தெரிந்தே செய்தேன்!

ஸ்ரீசிட்டியில் ஹாங்காங்காரர்கள் நடத்தும் தொழிற்சாலை ஒன்றுக்குக் அவர்கள் மொழியான கான்டனீஸ் கொஞ்சம் பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. தேறினால் ஹாங்காங்கில் பயிற்சி. நானும் தங்கை கோமதியும் திருச்சானூர் வீட்டில் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு படித்தோம். முதலில் பயணச் சொற்கள். ‘சொட் ஃபாட்’ என்றால் புறப்படுவது. ‘ஹேய் சிங்’ என்பதும் அதுவே, சற்று ஏட்டு வழக்கு. கிளம்புகிறவரிடம் ‘மான் மான் ஹாங்’ என்பார்கள்: மெல்ல, பார்த்துப் போ.

சொற்களின் வரலாற்றையெல்லாம் தேடிப் படித்தவன் நான். சொல்லின் பொருளையே மாற்றிவிடும் அதன் ஆறு தொனிகளோ அவள் நாவில்தான் நின்றன.

“அண்ணா, நீ பேசுனா ஹாங்காங்காரன் தெலுங்குன்னு நெனச்சிக்குவான்!”

நானும் சிரித்தேன். தொலைபேசித் தேர்வில் நான் தோற்றேன். அவளை நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

நேர்காணலன்று காலை கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்தது. “சொட் ஃபாட்!” என்று கூவியபடி வாசற்படியைத் தாண்டினாள்.

கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்டால் சகுனத்தடை என்று அம்மா உடனே வெளியே விடமாட்டாள். எனக்கா தெரியாது? அம்மாவின் காதில் விழும்படியே கேட்டேன்: “எங்க போற?”

“இன்னாடா கேள்வி இது, கெளம்புற நேரத்துல! உள்ள வா கோமதி. குந்து. தண்ணி குடிச்சிட்டுப் போ.”

“வேன் நின்னுக்கினு இருக்குதும்மா!”

“நிக்கட்டும். சாமிக்குக் கற்பூரம் காட்டிட்டு வரேன்.”

ஓடிப்போய் வேனை நிறுத்தி வைத்திருக்கலாம். கால் இருந்ததே எனக்கு! எழவில்லை... கற்பூரம் அணைவதற்குள் வேன் போய்விட்டது. பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஊரில் எது எப்போது நடந்தது என்று என்னிடம்தான் கேட்பார்கள். எந்தத் தேதியையும் மறக்காதவன். இந்தத் தேதியை மட்டும் எவரும் கேட்டதில்லை.

கோமதி இப்போது திருப்பதியில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாள். ஒருமுறை சொல்ல வாயெடுத்தேன். “தெரியாம கேட்டுட்ட, விடுண்ணா” என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு மௌனமானேனே... அது இரண்டாவது குற்றமில்லையா? நீங்கள் சொல்லுங்கள்!

இன்றும் நான் வெளியே கிளம்பினால் அவள் ‘எங்கே’ என்று கேட்பதில்லை. வாசல்வரை வந்து, தொனி பிசகாமல் சொல்கிறாள்:

“மான் மான் ஹாங், அண்ணா.”

திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன்.