மருந்தடித்த கரைக்குக் காவல்

“அதுல கை வைக்காதீக மதினி. இப்பத்தான் மருந்தடிச்சேன்” என்றார் இருளாண்டி.

ஊரணிக்கரையில் கீரை பறிக்கக் குனிந்திருந்த அக்கம்மாள் நிமிரவில்லை. “பச்சைப்பசேல்னு நிக்கிது. இதுவா மருந்தடிச்ச கீரை?”

“நாலஞ்சு நாளைக்கு அப்படித்தான் நிக்கும். பெறகுதான் கருகும்.”

அவள் ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்தாள். “வாசமே இல்லையே. நீங்களே மோந்து பாருங்க கொழுந்தனாரே.”

“எனக்குக் கருவாடும் ஒண்ணுதான், மல்லியப்பூவும் ஒண்ணுதான்.”

“அப்ப ஊசுன கொழம்ப ஒங்களுக்கே ஊத்தலாம்” என்று சிரித்தபடி அக்கம்மாள் மடியிலிருந்த கீரையைக் கரையிலேயே உதறிவிட்டுப் போனாள். காரைக்குடிப் பேருந்துக்குக் காத்து நின்ற அக்ஷரா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருளாண்டி அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர். முன்பு பெண்கள் மண்வெட்டியால் புல் செதுக்கிய கரைக்கும் சாலையோரத்துக்கும் இப்போது ஒப்பந்தக்காரர் அவரைத்தான் அனுப்புகிறார். முதுகில் களைக்கொல்லி மருந்து டப்பா, மூக்கில் துண்டு. தெளித்த புல்லை மிதிக்காமலிருக்கப் பின்பக்கமாகவே நடந்து தெளிப்பார். முடித்ததும் மற்றவர்களைப் போல வீட்டுக்குப் போவதில்லை. வெயில் ஏறும்வரை கரையில் உட்கார்ந்து ஆடுகளையும் கீரைக்காரிகளையும் விரட்டுவார். அதற்கு யாரும் அவருக்குக் கூலி தருவதில்லை.

வானம் இருட்டினால் மட்டும் எழுந்து நின்றுவிடுவார். “ஆட்ட வெரட்டலாம். மழையை எங்குட்டு வெரட்ட? எல்லாம் தண்ணிக்குள்ளதான எறங்கும்.”

மூக்குக்கு வாசம் தெரியாமல் போனது மருந்தாலா, போன வருடக் காய்ச்சலாலா என்று வைத்தியரால் சொல்ல முடியவில்லை. “எதாலயோ போச்சு” என்பார் இருளாண்டி. வேலையை விடச் சொன்னால், வேறு வேலைக்கு முதுகு ஒத்துழைக்காது என்பார். அவருக்குக் கவலையெல்லாம் பேத்தியைப் பற்றித்தான். வீடு திரும்பியதும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பார். மகள் துர்காதேவி அவர் கைகளை முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகே குழந்தையைத் தொடுவார்.

ஒருநாள் துர்காதேவி கடைக்குப் போயிருந்தாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதது. இருளாண்டி ஈரத் தலையோடு வேலியருகே வந்து, இரு கைகளையும் அக்ஷராவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கொஞ்சம் மோந்து பாரு தாயி. சோப்பு வாசத்தச் சொல்லாத. அதுக்கு அடியில ஏதும் இருக்கானு பாத்துச் சொல்லு.”