ஆபீசருக்கு ஒரு இரவல் சோபா

திண்டிவனத்தில் ஏழைகளுக்குக் குறைந்த பணத்தில் அரசாங்கம் அடுக்குமாடி வீடு கொடுக்கிறது என்று என்னிடம் சொன்னதே எங்கள் வீட்டு ஓனர்தான். மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்; நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை அவருக்கு வேண்டும். தை பிறப்பதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தெருத்தெருவாக அலைந்தும் என் கணவரின் வெல்டிங் கூலிக்கும் என் தையல் கூலிக்கும் தோதாக வேறு வீடு அமையவில்லை.

ஆகவே, மனு. அதைக் கொடுக்க விழுப்புரத்துக்கு நான்தான் பஸ் ஏறினேன். அங்கே ஒரு ஜன்னலில் இருந்து இன்னொரு ஜன்னலுக்கு விரட்டினார்கள். கடைசி ஜன்னல்காரர் முதல் ஜன்னலுக்கே போகச் சொன்னார். "பெரிய பேஜாரா கீதே உங்களோட" என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். என் கணவர் வரவில்லை. ஏழை என்று வரிசையில் நிற்க அவருக்குக் கூச்சம்.

ஒரு வழியாக, நாங்கள் இருக்கும் நிலையைப் பார்க்க அதிகாரி வருவதாகப் போன் வந்தது. அன்று காலையில் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி உள்ளே நுழைந்தவள், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பார்த்தேன். ஓனர் வீட்டு சோபா, ஸ்டாண்ட் ஃபேன், டீப்பாய், அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா. நடுவில் கல்யாணப் பட்டுச் சட்டையில் என் கணவர்.

"இன்னாங்க இது?"

"பெரிய ஆபீசர் வர்றாங்கடி. வந்தவங்கள தரையிலயா குந்த வெப்ப? நம்மள இன்னா நெனப்பாங்க?"

"ஏழைன்னு நெனைக்கணும்! அதுக்குத்தான வர்றாங்க!"

சோபாவின் ஒரு முனையை ஓனரே பிடித்துக்கொண்டு வந்தாராம். எங்களைக் கிளப்பும் அவசரத்தில் அவருக்கும் மூளை வேலை செய்யவில்லை. அதற்குள் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றுவிட்டது.

வந்தவர் என் தங்கை வயதுப் பெண். சோபாவில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். "வசதியாத்தானே இருக்கீங்க? ஒண்ணுமே இல்லாதவங்க எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?" என்று பேனாவைத் திறந்தார். நான் அவசரமாகக் குறுக்கிட்டேன்.

"மேடம், இதுல ஒண்ணுகூட எங்களுது இல்ல. எல்லாம் இரவல்."

"இருக்கிறத ஒளிச்சு வெக்கிறவங்களப் பார்த்திருக்கேன். இரவல் வாங்கியா வெப்பாங்க? யார்கிட்டம்மா கதை விடுறீங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு.

திடீரென்று அவர், "கொஞ்சம் எழுந்துக்கங்க மேடம்" என்றார். சோபாவைத் தனியாளாக முதுகில் ஏற்றி, நிலைப்படியில் இடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஓனர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து ஃபேனை எடுத்தார். அப்புறம் டீப்பாயை. கடைசியில் எங்கள் பாயும் அடுப்பும் தையல் மெஷினும், மழை ஒழுகிக் கறுத்த சுவரும்தான் மிச்சம்.

கோலியனூரில் இருக்கும் சொந்த அண்ணனிடம்கூட இந்த வாடகை அறையை 'நம்ம வீடு' என்றே சொல்லிவைத்திருந்த மனுஷன், பட்டுச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொள்ள, அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் கைகட்டி நின்றார்.

"எங்களுக்கு வீடு இல்லீங்க மேடம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். வீடும் கிடைத்தது. ஆனால் என் கணவர் அப்படிக் கைகட்டி நின்றபோது, அந்த சோபாவை நானே திரும்பத் தூக்கி வந்து அவரை அதில் உட்காரவைக்கலாம் போலிருந்தது.