மேலே வந்த பதினோரு பழைய கேள்விகள்

தொண்ணூற்றெட்டாம் வருட மழைக்காலம். மேற்குத் தாம்பரத்தில் நான் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்க்கடையில் ஆரம்பித்த விஷயம் இது. 'நான் கட்டிய' என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. பன்னிரண்டு வயதில் சாரம் ஏறிச் செங்கல் சுமந்தேன். அப்புறம் கொத்தனார், மேஸ்திரி, காண்டிராக்டர். சேலையூரில் வரிசையாக ஏழு வீடு, பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபம், வண்டலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நீளமான சுற்றுச்சுவர். எண்பத்து மூன்றில் ஊரப்பாக்கத்தில் கரம்பாகக் கிடந்த நிலத்தை மனை போட்டு விற்றார்களே, அங்கே எல்லைக்கல் ஒவ்வொன்றையும் நட்டது என் ஆட்கள், நூல் பிடித்தது நான். இன்ஜினியர்கள் போட்ட பிளானில் இருந்த தப்பை இந்த மூன்றாம் வகுப்பு திருத்தியிருக்கிறது. யாரும் இதைக் கல்வெட்டில் பொறிக்கவில்லை. அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கீழ்க்கடையை ஒரு பெண்மணிக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அந்த வருடம் நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினார். மழையால் வேலை நின்றுபோன ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களும், இங்கிருந்து வெளிநாடு போனவர்களும் கூடிப் பேசுகிற இடமாம். ஃபோரம் என்றார். ஒருவர் ஒரு கேள்வியைத் தலைப்பாக வைப்பார், மற்றவர்கள் அதற்குக் கீழே பதில் எழுதுவார்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அவர் படிக்க, நான் கேட்டேன்.

"வூடு கட்ற விஷயம் எதனா கீதாம்மா?"

தேடினார். நிறையவே இருந்தது. ஊரப்பாக்கத்தில் கிணறு எத்தனை அடி தோண்ட வேண்டும், ஏரி மண் கொட்டிய மனையில் அஸ்திவாரம் எப்படிப் போடுவது, இப்படி. பாதிக் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒருவன் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து சந்தேகம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பதில் சொல்லி அனுப்புவோம். கேட்டவனை நிற்க வைப்பது மரியாதை இல்லை.

"பதில் சொல்றேன், டைப் பண்ணும்மா."

"அண்ணா, இதெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டது."

"அதுக்கு இன்னா? கேட்டவன் செத்தா பூட்டான்? மண்ணு அதே மண்ணுதானே?"

"இல்லண்ணா, பழசுல போய் எழுதினா திட்டுவாங்க."

"என்னைத் திட்டறவன் இன்னும் பொறக்கல. நீ அடி."

பதினோரு கேள்விக்குப் பதில் சொன்னேன். ஒவ்வொன்றையும் நான் யார், என்னென்ன கட்டியிருக்கிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். நாலாவது பதிலில் அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "அண்ணா, சேலையூர் ஏழு வீடு இதுலயும் வரணுமா?" என்றார். "அத வுட்டா சொல்றவன் யாருன்னு எப்டிம்மா தெரியும்?" என்றேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். "அண்ணா, ஒடனே வாங்க." குரல் சரியில்லை.

ஃபோரத்தை மேற்பார்வை பார்க்கிறவர் என் பெயருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கேள்வி கேட்டவர்களில் பலர் வீடு கட்டிக் கிரகப்பிரவேசமே செய்துவிட்டார்கள், செத்துப்போன பேச்சை ஏன் எழுப்புகிறீர்கள் என்று ஆரம்பித்திருந்தார். அதற்கு நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்மணி மீதியைப் படித்தார்.

அந்த ஃபோரத்தில் எந்தத் தலைப்பில் யார் பதில் எழுதினாலும் அந்தத் தலைப்பு தானாக உச்சிக்கு வந்துவிடுமாம். முதல் பக்கத்தில் பத்துத் தலைப்புக்குத்தான் இடம். நான் பதினோரு பழசை மேலே கொண்டுவந்ததில், முந்தைய நாள் பிற்பகல் ஒருவர் அவசரமாகப் போட்டிருந்த தலைப்பு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அவர் அமெரிக்காவில் இருப்பவர். அம்மா ஊரப்பாக்கத்தில் தனியாக இருக்கிறார், எழுபது வயது, சர்க்கரை உண்டு. காலையிலிருந்து போன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை, பக்கத்தில் இருக்கிற யாராவது போய்ப் பாருங்கள் என்று கெஞ்சியிருந்தார். முதல் பக்கத்தைத் திறந்தவர்களெல்லாம் என் ஏழு வீட்டைத்தான் பார்த்தார்கள். அந்த அம்மா அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நடுவில் முழுசாக ஒரு ராத்திரி போயிருந்தது.

"விலாசம் இன்னாம்மா போட்டுக்கிறாரு?"

"பிளாட் நம்பர் அறுபத்து நாலுன்னு மட்டும்தான் அண்ணா. தெருப் பேரே இல்ல."

அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அப்போது மனை நம்பர்தான் விலாசம். அந்த நம்பரும் வரிசையாகப் போகாது. நிலத்தை இரண்டு தடவையாக வாங்கி மனை போட்டதால் நாற்பதுக்கு அடுத்து அறுபத்து மூன்று வரும். தபால்காரரே திணறுவார். எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், ஏனென்றால் அந்தக் கல்லுக்கு நூல் பிடித்தவன் நான். வேறு சமயமாக இருந்தால் இதைச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

"நான் எங்கயும் போகல அண்ணா. பார்த்துட்டுப் போன் பண்ணுங்க, ஒடனே எழுதிடறேன். அந்தப் பிள்ளை அங்க கம்ப்யூட்டர் முன்னாடியேதான் உக்காந்திருக்கும்" என்றார் அவர்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போனேன். ஊரப்பாக்கத்தில் இறங்கிப் பார்த்தால் மனைப் பகுதி முழுக்க முழங்கால் தண்ணீர். வண்டியை ஒரு கடை வாசலில் போட்டுவிட்டு நடந்தேன். பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று தெரிந்ததால் அதைத் தவிர்த்து மேட்டுப் பக்கமாகவே கால் வைத்தேன். அறுபத்து நாலுக்கு இந்தப் பக்கம் முள்ளுக்காடு, அந்தப் பக்க வீட்டுக்காரர்கள் தண்ணீர் வந்ததும் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வீட்டின் மூன்று படி வரை தண்ணீர் நின்றது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"அம்மா!" என்று கத்தினேன். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான் மெல்லிசாக ஒரு குரல் கேட்டது.

"யாரு? என்னால எழுந்திரிக்க முடியலப்பா."

உயிர் திரும்பி வந்தது, எனக்கு. பின்பக்கம் ஓடினேன். துவைக்கிற கல்லின் மேல் ஒரு கடப்பாரை கிடந்தது. கொல்லைக் கதவின் கீல் பக்கம் கொடுத்து இரண்டு நெம்பு நெம்பினேன், வந்துவிட்டது. நான் கட்டிய வீடாக இருந்தால் அவ்வளவு சுலபத்தில் வந்திருக்காது.

கூடத்தில் தரையில் கிடந்தார். முந்தைய நாள் காலை ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு நேரத்தைத் தள்ளியிருக்கிறார். போன் மேஜை மேல், பத்தடி தள்ளி.

"யாருப்பா நீ?"

"உங்க புள்ள அனுப்ச்சாரும்மா."

"அமெரிக்காலேருந்தா? அதுக்குள்ளயா?"

அதுக்குள்ளயா என்றாரே, அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி பூரா அடிச்சுதுப்பா. ஒவ்வொரு தடவையும் வந்துட்டேன்டா, வந்துட்டேன்டான்னு இங்கேருந்தே சொன்னேன்."

மறுபடி போன் அடித்தது. எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் யார் என்று சொல்லாமல் பேசினேன். "அம்மா நல்லா கீறாங்க சார். பேசறாங்க, இருங்க." ஒயரை இழுத்துக் கொண்டுபோய் அவர் காதில் வைத்தேன். இரண்டு பக்கமும் அழுதார்கள். நான் உடைத்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சென்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். செங்கல் ஏற்றும் ஒரு டிராக்டரைப் பிடித்து, கட்டிலோடு தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். காலில் எலும்பு முறிவு. சர்க்கரையால் வேறு ஆபத்து வரவில்லை. மூன்றாம் நாள் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "அன்னிக்கு சாயங்காலமே யாராச்சும் வந்திருப்பாங்கம்மா. உங்க புள்ள எழுதினத நான்தான் மறச்சிட்டேன்."

"எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் புரியாது. கொல்லக் கதவ எப்ப மாட்டித் தரப்போற?" என்றார். தேக்கில் செய்து மாட்டினேன்.

ஃபோரத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னேன், ஒரே ஒரு பதில்தான், அதில் ஏழு வீடு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு, கிணற்றைப் பற்றிக் கேட்டிருந்தவர் எழுதினார்: அவர் இன்னும் வீடு கட்டவில்லையாம், இரண்டு வருடம் கழித்தாவது ஒருவர் பதில் சொன்னது சந்தோஷமாம். ஆகப் பழைய பேச்சை எழுப்புவதே பாவம் என்றும் இல்லை. தேதியைப் பார்க்க வேண்டும், கேட்டவருக்கு அது இன்னும் தேவைதானா என்று யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த நிமிஷம் யாராவது அவசரத்தில் நிற்கிறாரா என்று முதல் பக்கத்தைப் படிக்க வேண்டும். பிற்பாடு மேற்பார்வையாளர் இதையே சட்டமாக எழுதி உச்சியில் ஒட்டிவைத்தார்.

அடுத்த வருடம் அந்தப் பிள்ளையே தன் பழைய தலைப்பை எழுப்பினார். 'பழையதைத் தூக்குவதற்கு மன்னிக்கவும், அம்மா திருநீர்மலைக் கோயில் படி ஏறி இறங்கிவிட்டார்' என்று இரண்டே வரி. ஒருவரும் திட்டவில்லை. எத்தனையோ பேர் கீழே வாழ்த்து எழுதினார்கள். அந்தப் பெண்மணி ஒன்றையும் விடாமல் படித்துக் காட்டினார்.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அந்தச் சட்டத்தின் அடியில், 'ஓர் உறுப்பினர் செய்த தவறால் ஏற்பட்ட விதி' என்று மொட்டையாகப் போட்டிருந்தார்கள். யார் அந்த ஓர் உறுப்பினர்? கட்டியதற்கெல்லாம் பெயர் கேட்டு நிற்கும் நான், இதற்கு மட்டும் ஒளிந்துகொள்ள மாட்டேன். யாரோ கூப்பிடும்போது நான் என் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறேனா என்று இன்றும் வாயைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் நிற்கிறேன் என்றால், அதைக் கற்றுக்கொடுத்தது அந்த ராத்திரிதான். ஆகவே அங்கே என் பெயரைப் போடுங்கள்: ஒரு தாயின் அவசரத்தைக் கீழே தள்ளியவனும் இவன்தான், அந்தத் தாயின் கதவைத் திறந்தவனும் இவன்தான் என்று, இரண்டில் ஒன்றையும் விடாமல்.