மண்மோந்தானும் கயிற்றாண்டியும் யார்?

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. ஓட்டை லாரியில் ஏற்றிய ஒற்றை போர்வெல் இயந்திரத்தோடு தொழிலுக்கு வந்தேன். "இவன் போடுற போர்ல புழுதிதேன் வரும்" என்று சொந்தத் தாய்மாமனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இன்று என் பேரில் மூன்று வண்டிகள் ஓடுகின்றன. பழங்காநத்தத்தில் லேத் பட்டறை இருக்கிறது. தல்லாகுளத்தில் மாடி வீடு. அதற்கு நானே இடம் பார்த்துப் போட்ட போர் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. திருமங்கலத்துக்கு மேற்கே எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று எந்தச் சீட்டையும் பார்க்காமல் சொல்வேன். இந்த வரிசையில் ஒரு கதைப் புத்தகமும் சேர வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதையை எழுதியவர் எங்கள் மேனேஜர். எங்கள் தொழிலில் மேனேஜர் என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவர் இல்லை. வண்டியோடு காட்டில் நின்று, எந்த அடியில் என்ன கல் வந்தது என்று குறிப்பவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அதிகம் பேச மாட்டார். இயந்திரம் பூமியைக் குடையும் நேரமெல்லாம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, அடி குறிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பார். அது ஒரு வார இதழில் தொடராக வந்தது, பிறகு நான்கு பாகமாக வந்தது. ஓடிப்போன ஊற்று ஒன்றைத் தேடி ஏழு பாதாளம் இறங்கும் இளவரசியின் கதை. ஆனால் படித்தவர்கள் இளவரசியைப் பற்றிப் பேசுவதில்லை. அவளோடு போகும் இரண்டு துணையாட்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவன் மண்மோந்தான்; மண்ணை மோந்து பார்த்தே வழி சொல்வான், ஓயாமல் பெருமை பேசுவான், எவரையும் நம்ப மாட்டான். மற்றவன் கயிற்றாண்டி, இளவரசி இறங்கும்போது மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்பவன், வாய் திறக்காதவன். இவன் பெரியவனா அவன் பெரியவனா என்று காலேஜ் பிள்ளைகள் போனில் சண்டை போடுகிறார்களாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இருபது அடிக்கு ஒரு தரம், துளையிலிருந்து பறந்து வரும் கல்பொடியில் ஒரு கை அள்ளித் தரையில் வரிசையாகக் குவித்து வைப்போம். மேலே கரிசல், அடுத்து சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல், பிறகு சிவப்புப் பொடி, அதன் கீழே கரும்பாறையின் சாம்பல் நிறப் பொடி என்று பூமியின் வயிறு அந்த வரிசையில் தெரியும். நான் ஒவ்வொரு குவியலிலும் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்ப்பேன். மற்றவர்கள் குவியலைப் பார்க்கும்போது மேனேஜர் மட்டும் என்னைப் பார்ப்பார். அப்போதே எனக்கு மனதுக்குள் இடித்தது. தொடர் வந்தபோது பார்த்தால், முதல் பாதாளம் கரிசல், இரண்டாவது சுக்கான், மூன்றாவது சிவப்புப் பொடி. வரிசைகூட மாறவில்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சுக்கான் எங்கிருந்து தெரியும்?

எங்கள் ஆபரேட்டர்தான் இதழை வாங்கி வந்து டீ நேரத்தில் உரக்கப் படிப்பான். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். "மொதலாளி, மண்மோந்தான் என்னா சொல்றாம்னு கேளுங்க. 'நாஞ் சொன்னா சொன்னதுதேன்'ங்குறான். உங்க வாய அப்படியே பிடுங்கி வச்சிருக்காருல்ல!" ஒரு வாரம் மண்மோந்தான் நல்ல தண்ணீர் என்று சத்தியம் செய்து, உப்புத்தண்ணீர் வந்து எல்லாரும் சிரித்தார்கள். கப்பலூர்ப் பக்கம் எனக்கு நடந்த அதே கதை. அன்றைக்கே மேனேஜரை நிறுத்திக் கேட்டேன்.

"ஏப்பா, மண்மோந்தான் நாந்தான?"

"கதைன்னா கதைதாண்ணே. யாரையும் வச்சு எழுதல."

"அப்ப கயித்தாண்டி யாரு? நீயா?"

அவர் செருப்பிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அவந்தான் வாயே தொறக்க மாட்டானேண்ணே. அவன்கிட்டப் போயி யாரு கேக்குறது?"

இது என்ன பதில்? தப்பு செய்யாதவன் இப்படியா பேசுவான்? அந்த வாரத்தோடு அந்தக் கதையை என் வண்டிப் பக்கம் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் பல வருடம் அவர் என்னோடுதான் இருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வருடம் அவர் காலமானார்.

இப்போது நான்கு பாகத்தையும் ஒரே புத்தகமாகப் போடுகிறார்கள். அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, போனில் கூப்பிட்டது. "அண்ணே, ஒரு பக்கம் எழுதித் தாங்கண்ணே. அவர் எப்படிப்பட்ட மனுசன்னு அதை மட்டும் எழுதுனாப் போதும்." அந்த 'மட்டும்' எனக்குப் பிடிபடவில்லை. பதிப்பகத்துத் தம்பியும் அதையே சொன்னார். இரண்டு துணையாட்களையும் ஒப்பிட்டு ஒரு பேராசிரியர் முன்னுரை எழுதிவிட்டாராம். இருவரும் ஆசிரியரின் மனதின் இரண்டு பாதிகளாம். அந்தப் பேராசிரியர் ஒரு தரமாவது புழுதியில் வந்து நின்றிருப்பாரா? எல்லாரும் சேர்ந்து என்னை ஓரம் கட்டுகிறார்கள் என்று தோன்றியது. நான்கு பாகத்தையும் வாங்கி, காலையில் பட்டறை திறந்ததும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன், மறைக்கவில்லை.

மூன்றாம் பாகத்தில் அது வந்தது. கயிற்றைப் பார்த்த கயிற்றாண்டி, இழை பிரிந்திருக்கிறது என்று கையால் காட்டுகிறான். மண்மோந்தான் கயிற்றையும் மோந்துவிட்டு, "கெட்டிக் கயிறு, நாஞ் சொன்னா சொன்னதுதேன்" என்கிறான். இளவரசி பாதி இறங்கும்போது கயிறு இழை அறுந்து நழுவுகிறது. கயிற்றாண்டி பாறை விளிம்பில் கையைக் கொடுத்துத் தாங்குகிறான். இடது கையில் இரண்டு விரல் நசுங்குகிறது. மேலே வந்த இளவரசி கேட்டதற்கு, கதை முழுக்கப் பேசாதவன் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறான்: "நல்ல கயிறு, தாங்கிருச்சு."

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. லாரிக் கதவு நசுக்கியது என்று என் மனைவிக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய். துளைக்குள் இறக்கிய இரும்புக் குழாய்களை வாய்ப்பக்கத்தில் கவ்விப் பிடிக்கும் கிளாம்பு ஒன்று உண்டு. அதன் பல் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று விரல் நசுங்கிய அன்று காலையில் மேனேஜர் சொன்னார். "நீ அடிய மட்டும் எழுது, நாஞ் சொன்னா சொன்னதுதேன்" என்று அத்தனை பேர் முன்னால் அவர் வாயை அடைத்தேன். மதியம் கிளாம்பு நழுவியது. உள்ளே சரிந்த குழாய், துளையின் மேல் குனிந்திருந்த ஆபரேட்டரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். நான் பெரிய ஸ்பேனரைக் குறுக்கே செருகினேன். மொத்தக் குழாயும் அதன்மேல் உட்கார்ந்தது, என் விரல்கள் அடியில். ஓடி வந்த மேனேஜரிடம் நான் சொன்னது இதுதான்: "நல்ல ஸ்பேனரு, தாங்கிருச்சு." வாழ்க்கையில் நான் பெருமை பேசாத ஒரே சங்கதி அது. பேசினால் கிளாம்பைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

ஆக, அவர் என்னை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறார். வாயை ஒருவனுக்குக் கொடுத்தார், ஊர் சிரித்தது. கையை மற்றவனுக்குக் கொடுத்தார், ஊர் அழுதது. எந்தப் பாதி பெரியது என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், மண்மோந்தான் வாயை மூடியிருந்தால் கயிற்றாண்டிக்கு விரல் போயிருக்காது. இதை அவர் மரத்தடியில் வைத்தே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? மரியாதையா, பயமா, நானாகப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்ற வைராக்கியமா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தேய்ந்ததை முதலில் பார்த்த கண்ணும், வாயடைத்து நின்ற அந்த மௌனமும் என்னுடையவை இல்லை. அவை அவருடையவை. என் விரலுக்குப் பக்கத்தில் தன்னையும் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கிறார்.

பதிப்பகத்துத் தம்பிக்கும் தங்கச்சிக்கும் சொல்கிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில், பேராசிரியரின் முன்னுரைக்கும் முன்னால், இது அச்சாக வேண்டும்: ஏழு பாதாளத்தின் மண்ணும், மண்மோந்தானின் வாயும், கயிற்றாண்டியின் இரண்டு விரலும் போர்வெல் முதலாளியுடையவை. கயிறு தேய்ந்ததைப் பார்த்தது மேனேஜர். கடைசி வரியை வெட்டிவிட்டு என்னைப் பெருமைப்படுத்த வேண்டாம். முதல் வரியை வெட்டிவிட்டு அவரைப் பெருமைப்படுத்தவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து வராவிட்டால் இந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.