ஏழாவது வேட்டு

எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற ரோட்டில், திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரில் நான் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். துணை சுகாதார நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு போட்ட ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஊசியைக் கொதிக்க வைக்க ஒரு ஸ்டவ், வாசலில் ஒரு கீற்றுப் பந்தல். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாம் நானேதான். அப்போது எனக்கு இருபத்து நாலு வயசு. வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் பெரியவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். தலைக்கனம் ஏறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அங்கிருந்து அரை மைலில் ஒரு கல்குவாரி. கடல் அரிக்கிற இடத்தில் கொட்டுவதற்காக அங்கிருந்து லாரி லாரியாகக் கல் போய்க்கொண்டிருந்தது. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் முப்பது பேருக்கு மேல் அங்கே கல் உடைத்தார்கள். தினம் மதியம் பாறையில் வரிசையாகக் குழி போட்டு, வெடிமருந்து அடைத்து, திரி வைத்துக் கொளுத்துவார்கள். அதைத்தான் வேட்டு என்பார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் பெரிய பாறைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்றைக்கு எத்தனை குழி என்று கேட்டுக்கொண்டு, அத்தனை பொடிக்கல்லை மடியில் போட்டுக்கொள்வார்கள். ஒரு வேட்டு வெடித்தால் ஒரு கல்லைக் கீழே போடுவார்கள். மடி காலியானால்தான் எழுந்திருப்பார்கள். ஒரு கல் மிஞ்சினால், வெடிக்காத மருந்து ஒன்று இன்னும் பாறைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் போய்க் கடப்பாறையைப் போட்டால் முடிந்தது கதை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். மதியச் சத்தத்தை நானும் தினம் கேட்பேன். எண்ணியதெல்லாம் கிடையாது. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று அடுப்பைப் பார்க்கப் போவேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் லாரி வந்து நின்றது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணை இரண்டு பேர் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்திவிட்டு ஓடினார்கள். கூடவே குவாரி மேஸ்திரி. வேட்டுக்குப் பறந்து வந்த கல் ஒன்று அவளுடைய வலது பாதத்தில் விழுந்திருந்தது. விரல்கள் இரண்டு நசுங்கிக் கூழாகியிருந்தன. கணுக்காலில் எலும்பு தெரிந்தது. அவள் அழவில்லை. வலது கையை இறுக்கி மூடி வைத்திருந்தாள். வலிக்காக மூடியிருக்கிறாள் என்று நினைத்து, நாடி பார்க்க அந்தக் கையைப் பிரித்தேன். உள்ளே ஒரு பொடிக்கல்.

"கால அப்பால பாத்துக்கலாம் நர்சம்மா. ஏழு குழி. ஆறுதான் வெடிச்சிது. உள்ள யாரும் போவ வாணாம்னு மேஸ்திரியாண்ட சொல்லு" என்றாள்.

மேஸ்திரி பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். அவரிடம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் சொல்கிறாள் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்மா. நாலாவது வேட்டுலயே இவ மேல கல்லு வுழுந்துச்சு. மத்தவளுங்க எல்லாம் மடில இருந்தத கொட்டிட்டு இவளப் பாக்க ஓடியாந்துட்டாளுங்க. அடிபடாதவளுங்களே எண்ணல. கால் நசுங்கினவ குந்திகினு எண்ணினாளாம்" என்று சிரித்தார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"ரெண்டு சேந்து வெடிச்சா நாம குந்திகினு கீற எடமே ஒதறும் மேஸ்திரி. இன்னிக்கி ஒதறல" என்றாள் அவள்.

அவருக்கு அவருடைய அவசரம். மறுநாள் கடற்கரை வேலையைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பத்து லோடு போயாக வேண்டும். வழக்கமாக வேட்டு வைப்பவர்தான் கடைசியில் மேலே ஏறிப் பார்த்து, போகலாம் என்று சொல்வார். அன்றைக்கு அவர் திரியைக் கொளுத்திவிட்டு இறங்கிய கையோடு, வேறொரு குவாரியில் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"ரத்தம் போனா இப்படித்தான் எதையாவது பேசுவாங்க. நீங்க போங்க மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்" என்றேன். எத்தனை தெளிவாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊசி போட்டேன். காயத்தைக் கழுவினேன். கட்டுப் போடும்போதும் விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் "சரி சரி, பேசாம படு" என்றேன். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் கால் பிழைக்கும் என்று தெரிந்தது. நாலு வீடு தள்ளி இருந்தவரிடம் மாட்டுவண்டி கேட்கப் போனேன். அவர் மாட்டைப் பிடித்துப் பூட்டுவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால் பெஞ்சு காலி. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கழியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வாசல் மணலில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் குவாரிப் பக்கம் போயிருந்தது. எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு மேல். நான் போட்ட கட்டு, நான் பிடித்த வண்டி, என் பந்தல். எவ்வளவு திமிர் என்று கத்திக்கொண்டே வண்டியில் ஏறினேன். அந்த வெயிலில், அந்தக் காலோடு, அரை மைல் எப்படிப் போனாள் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை.

குவாரிக்குள் போக ஒரே ஒரு வழிதான். இரண்டு பக்கமும் பாறை, நடுவே ஒரு லாரி நுழைகிற இடம். அவள் அந்த நடு இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். கட்டு அவிழ்ந்து புழுதியில் கிடந்தது. எதிரே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையும் சுத்தியலுமாகத் திகைத்துப் போய் நின்றார்கள். மேஸ்திரி கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். ஜீப் நிழலில் ஓவர்சியர் ஒருவர், பேன்ட் போட்டவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

என்னைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. "நர்ஸே வந்துட்டாங்க. அவங்க சொல்லட்டும். இவ சுயநினைவோடதான் பேசறாளா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். "இல்லைங்க, மயக்கத்துல பேசறாங்க. இவங்க சொல்றத யாரும் கணக்குல எடுத்துக்காதீங்க" என்று முப்பது பெண்கள் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். கொஞ்சம் வயது குறைந்த ஒருத்தி முன்னால் நின்றிருந்தாள். இவர்கள் இருவரும் ஒரே தெரு. தண்ணீர்க் குழாயடியில் எப்போதோ குடம் வைப்பதில் வந்த சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது என்று பிறகு தெரிந்தது. குவாரியில் நல்ல இடம் பிடிப்பதில் அந்த இளையவள் கெட்டிக்காரி. வேட்டு முடிந்த சூட்டோடு உள்ளே ஓடி, தன் இன்னொரு சுத்தியலையும் சும்மாட்டையும் ஓர் இடத்தில் வைத்துவிட்டு வந்துதான் சாப்பிடவே உட்கார்ந்திருக்கிறாள். அப்படி வைத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். வழியில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தால் அது தெரியும்.

காலில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தவள் அவள் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற வேறொருத்தியிடம் சொன்னாள். "வரிசைல கடசி குழிதான் வெடிக்கல. அவ சுத்தி வச்சிகீற எடத்துக்கு நேர் மேலதான் அது. அவகிட்ட சொல்லு."

இளையவள் சாகப் போகிறாள் என்று நினைக்கிறாள், அப்போதும் அவளிடம் நேராகப் பேச மாட்டாளாம். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

இளையவள் பாறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்தாள். நடந்து வந்து, அவளுக்குப் பக்கத்தில், வழியின் நடுவே உட்கார்ந்தாள்.

"நா உள்ள போவல மேஸ்திரி. ரெண்டு வருசமா எனக்கோசரம் வாயத் தொறக்காதவ இவ. பொய் சொல்றதுக்கா இப்ப தொறப்பா" என்றாள்.

அவ்வளவுதான். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்தார்கள். ஒருத்தி முந்தானையைக் கிழித்து அந்தக் காலைக் கட்டினாள். அதைச் செய்ய வேண்டிய நான் வண்டிக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

ஓவர்சியருக்குப் பொறுமை போய்விட்டது. வேட்டுக்காரரைக் கூட்டி வந்து, ஒன்றும் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் எழுந்துவிடுவார்கள் என்று நினைத்தார். லாரியை அனுப்பினார். அரை மணி நேரத்தில் அந்த மனுஷர் வந்து சேர்ந்தார். மேஸ்திரி கிண்டலாக விஷயத்தைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "நா போற வழில எண்ணலியே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனியாகப் பாறைமேல் ஏறினார்.

மேலே அவர் ஒவ்வொரு கல்லாக அங்குலம் அங்குலமாக நகர்த்துவது எங்களுக்குத் தெரிந்தது. ஓர் இடத்தில் குனிந்தவர் அப்படியே அசையாமல் இருந்தார். மெல்லப் பின்வாங்கி இறங்கி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்துக் குழியிலிருந்து சரிந்த கல் திரியை அறுத்திருக்கிறது, மருந்து முழுசாக அப்படியே உள்ளே இருக்கிறது என்றார். எல்லோரையும் தூரப் போகச் சொன்னார். அவளை நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி அந்த இளையவள்.

பக்கத்தில் புதிதாக மருந்து வைத்து அவர் அதை வெடிக்க வைத்தபோது நானும் ஒரு பாறைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேட்டை எண்ணினேன். புழுதி அடங்கியதும் போய்ப் பார்த்தார்கள். சுத்தியலும் சும்மாடும் வைத்திருந்த இடமே இல்லை. ஆள் உயரத்துக்குப் பாறை சரிந்து கிடந்தது. அதைச் சுற்றித்தான் அன்றைக்கு எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓவர்சியர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

செங்கல்பட்டு போகிற வழி முழுக்க வண்டியில் அவள் தலை என் மடியில் இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு எதையோ கேட்கிற மாதிரி, அவ்வளவு வலியில் எப்படி எண்ணினாய் என்று கேட்டேன்.

"நோவு காலுலதான நர்சம்மா. கல்லு மடிலதான இருந்திச்சு" என்றாள். அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எத்தனை பிரசவம் பார்த்தவள் நான். இடுப்பு வலியில் துடிக்கிறவளுக்கு ஒன்றும் கேட்காது என்று நினைத்து, வெளியே மாமியார்க்காரி ஏதாவது முணுமுணுத்தால், பத்து நாள் கழித்து அவள் அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வதைக் கேட்டவள். வலியில் இருக்கிறவர்களுக்குக் காது இன்னும் கூர்மையாகத்தான் ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் வெள்ளைப் புடவையின் திமிரில் மறந்துபோயிருக்கிறேன்.

இரண்டு விரலை எடுத்தார்கள், கால் பிழைத்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் டவுனுக்குப் போகும் நாட்களில் அந்த இளையவள் ஒரு தூக்குச் சட்டியில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து கொடுப்பாள். யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்பாள். இவளும் தூக்கைத் திறந்து, குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு அதிகம் போடுகிறவள் அந்தத் தெருவில் ஒருத்திதான் என்று சொல்லிவிட்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். இரண்டு பேரும் பிறகு பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வேலையில் இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என்னை நம்பிப் பிழைத்தவர்கள் உண்டு, அவர்கள் இன்றும் வழியில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கென்னவோ, அன்றைக்கு அந்தக் குவாரி வாசலில் நான் சொன்னதைக் கேட்டும் என்னை நம்பாமல் தரையில் உட்கார்ந்த அந்தப் பெண்களைத்தான் கும்பிடத் தோன்றுகிறது.