கட்டிப் பார்த்த நீலம்

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. நடந்ததை வாயால் சொல்லச் சிலமுறை முயன்றேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை ஏற்றுவது என் வேலை. அகல், பொம்மை, ஃப்யூஸ் கட்டை எல்லாம் சுடுகிறோம். என் மனைவியின் தம்பிக்குக் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே அவனுக்கு ஒரு வீடு, வீட்டை ஒட்டியே கொஞ்சம் நிலம். கரிச்சுரங்கம் வருடா வருடம் அந்தத் திசையில் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் நிலத்தைக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மச்சான் மட்டும் போடுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

அவன் போய்ப் பார்த்த ஜோசியர் சொன்னாராம்: "மண்ணுக்குக் கீழ இருக்குற கரி, இரும்பு, எண்ணெ எல்லாமே சனி பகவானோட சொத்து. உனக்கு ஏழரை வேற நடக்குது. அவரு கல்லு உன் கையில இருந்தா, அவரு ஆளுங்க உன் மண்ணத் தொட மாட்டாங்க. நீலம் போடு. ஒத்துக்கிச்சின்னா கையெழுத்துப் போடாத. ஒத்துக்கலன்னா குடுத்துட்டு வேற எடம் பாரு."

நீலத்தை யாரும் வாங்கியவுடன் போட்டுக்கொள்வதில்லை. நீலத் துணியில் முடிந்து, வலது கையில் மூன்று நாள் கட்டிப் பார்க்க வேண்டும். கெட்ட கனவோ, அடிபடுவதோ, வீட்டில் சண்டையோ வந்தால் அந்தக் கல் ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர்களும் இதற்கு ஒத்துக்கொண்டுதான் விற்பார்கள். ஆனால் மச்சான் மனைவி அப்போது நிறைமாதம். கட்டிப் பார்க்காத நீலத்தைப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது?

என் மனைவிதான் தம்பியிடம் சொன்னாள்: "உங்க மாமாவுக்கும் கும்ப ராசி, சதயம். உனக்கும் அதேதான? அவரு கையில கட்டிப் பாக்கட்டும். நம்ம வூட்ல கைப்புள்ள யாரு இருக்கா?"

மச்சான் சிரித்தான். "மாமா ஒத்துக்குவாரா?"

"அவரு எதுக்குடா மாட்டேன்னு சொல்லியிருக்காரு?"

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கல் வாங்க மங்கலம்பேட்டை போனோம். கடைக்காரர் பல வருடம் வளைகுடாவில் நகைக்கடையில் இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்கு டீ வரவழைத்துவிட்டு ஒரு தட்டைத் திறந்தார். அதில் பல நீலங்கள் இருந்தன.

"இது கடல் நெறத்துக் கல்லு. பொம்பளைங்க தோட்டுல வெப்பாங்க. அழகுதான், வேற ஒண்ணும் பண்ணாது. இது பிரோசா. எங்காளுங்க போடுறது." தன் கையிலிருந்த பச்சை கலந்த நீல மோதிரத்தைக் காட்டினார். "கண்ணு படாம பாத்துக்கும். நமக்கு ஏதாவது வர்றதுக்கு இருந்தா அது வாங்கிக்கிட்டு நெறம் மங்கும். சில சமயம் வெடிக்கும்."

"நீலம் எங்க பாய்?" என்றான் மச்சான்.

அவர் எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு தனி டப்பாவைக் கொண்டுவந்தார்.

"அத மட்டும் ஏன் உள்ள வெச்சிருக்கீங்க?"

"மாணிக்கத்துக்கும் இதுக்கும் ஆவாது. அது சூரியன், இது சனி. அப்பனும் புள்ளையும். ஒரே தட்டுல வெக்கறதில்ல."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் பால் ஊற்றிக் கல்லை உள்ளே போட்டார். பாலின் மேல் மெல்லிய நீலம் படர்ந்ததை நானும் பார்த்தேன். அடிபட்ட இடத்தில் தோல் கன்றிப்போவதுபோல இருந்தது.

"பிரோசா மாதிரி இது எதையும் வாங்கிக்காது தம்பி," என்றார். "குடுக்குற கல்லு இது. என்னா குடுக்கறதுன்னு அதுதான் முடிவு பண்ணும். மூணு நாளு பாருங்க. வேணாம்னா கொண்டாந்துடுங்க."

"எங்க மாமாதான் கட்டிப் பாக்கப் போறாரு. சனி பகவானே வந்தாலும் இவருகிட்ட பேச்சுக் குடுக்க முடியாம திரும்பிப் போயிடுவாரு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "வேற ஆளு கட்டிப் பாக்கறதா?" என்று கேட்டார். பிறகு பொட்டலம் கட்டினார்.

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பழமலைநாதர் கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையில் துணியைக் கட்டிவிட்டாள். சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். சூளை ஏற்றும்போது கையை மடித்துவிட வேண்டியிருந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"என்னாப்பா அது, தாயத்தா?"

சொன்னேன்.

"நீலமா? யோவ், அத கட்டிக்கினு அடுப்புகிட்ட வந்து நிக்கிறியே! தள்ளிப் போ. போய் அகலு தொடைக்கிற பொம்பளைங்களோட உக்காரு."

பெண்கள் கேலி செய்தார்கள். "வாங்கண்ணா, நாங்க தெனமும் உடைசலோடதான் கெடக்கறோம், உங்க சனி எங்கள ஒண்ணும் பண்ணாது."

ஆனால் அன்று ஏற்றும் ஆட்களில் ஒருவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியே கூப்பிட்டுவிட்டார். நான்தான் பாதிச் சாமானை அடுக்கினேன். தீ வைத்து, சுட்டு, ஆறவிட்டுத் திங்கட்கிழமை திறந்தோம்.

சூளையைத் திறக்கும்போது கொஞ்சமாவது உடைந்திருக்கும். மூக்குப் போன பொம்மை, வாய் கிழிந்த அகல், வளைந்த கட்டை என்று ஏதாவது இருக்கும். ஈரம், சூடு, மண், காரணம் எதுவாகவும் இருக்கும். அந்த உடைசலைக் கொட்டுவதற்கென்றே கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. அன்று எதுவும் உடையவில்லை. ஒரு அகலில்கூட மயிரிழைக் கீறல் இல்லை. பெண்கள் முதலில் சந்தோஷமாகச் சிரித்தார்கள். எடுக்க எடுக்க எல்லாம் முழுசாகவே வரவும் சிரிப்பு நின்றுவிட்டது. மேஸ்திரி ஒரு பொம்மையைத் தட்டிப் பார்த்தார். மணிபோல ஒலித்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினி வருசத்துல இப்பிடிப் பாத்ததில்ல," என்றார். "அடுப்பு தன் பங்க எடுக்காம வுட்டுருக்குது. எங்கியோ எடுக்கப் போவுது."

அந்த மூன்று நாளும் வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்கி வழியவில்லை. கரண்டு போகவில்லை. நானும் மனைவியும் ஒரு வார்த்தை உரசிக்கொள்ளவில்லை. கனவு எதுவும் வரவில்லை. தூங்கியதே தெரியாமல் விடிந்தது. கையில் துணி கட்டிய இடம் மட்டும் எப்போதும் குளிர்ந்தே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மச்சான் வந்தான். நான் உள்ளதைச் சொன்னேன். "கெட்டது ஒண்ணும் நடக்கல மாப்ள. ஆனா எனக்குப் பிடிக்கல. சூளையில ஒரு சாமான் கூட உடையல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, கேட்டியா? எதுவும் உடையலன்னு பயப்படுற ஆளு ஊருலயே உங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான்!"

"அவரு கெடக்காரு. நல்ல கல்லுடா. போட்டுக்க," என்றாள் மனைவி.

வெள்ளி மோதிரத்தில் பதித்து நடு விரலில் போட்டுக்கொண்டான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மகன் சுகமாகப் பிறந்தான். நெல் நன்றாக விளைந்தது. அளக்க வருவதாகச் சொன்னவர்கள் இரண்டுமுறை வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவன் மோதிரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் போனார்கள்.

இந்த ஐப்பசியில் அவன் மனைவி போன் செய்து, ஒருமுறை வந்துபோகச் சொன்னாள். என் மனைவிக்குக் காய்ச்சல். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

அந்தத் தெருவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுவர்கள் மட்டும் நின்றன. சமையலறைக் கரி சுவரில் அப்படியே இருந்தது. ஒரு நாய் என்னைப் பார்த்தது, குரைக்கவில்லை. தெருக்கோடியில் மச்சான் வீடு மட்டும் ஓட்டோடு நின்றது. அதன் பின்னால், வயலுக்கு அப்பால், தோண்டிப் போட்ட மண் மலைபோல உயர்ந்திருந்தது. இயந்திரத்தின் சத்தம் காதில் விழுவதைவிடக் காலில்தான் அதிகம் தெரிந்தது. தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். சொம்பை வாங்கினேன், அதற்குள்ளும் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மாமா?" என்றான். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "எல்லாரு வூடும் போச்சி. என் வூடு நிக்குது."

அவன் மாட்டைக் கட்டப் போனபோது அவன் மனைவி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். சுவரில் தரையிலிருந்து உத்தரம்வரை ஒரு வெடிப்பு. என் உள்ளங்கை நுழையும்.

"போன மாசம் வெரலு நுழைஞ்சிது அண்ணா. இந்தச் செவுத்துக்குப் பக்கத்துலதான் புள்ளைய தூங்க வெக்கிறோம். சொன்னா கேக்க மாட்டறாரு. மோதிரத்த கழட்டினா அன்னிக்கே எல்லாம் போயிடுமாம். நீங்க கட்டிப் பாத்த கல்லு. நீங்க சொன்னா கேப்பாரு. புள்ளைக்காகச் சொல்லுங்கண்ணா."

சாப்பிட்டு முடிக்கும்வரை, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கேட்டேன். "மாப்ள, அத கழட்டிடேன்."

"கழட்டி?"

"பாய்கிட்ட குடுத்துடலாம்."

"வித்துட்டா அது சும்மா இருக்குமா? ஆத்துல போட்டா சும்மா இருக்குமா? போடாம இருந்த வரைக்கும் இது வெறும் கல்லு மாமா. போட்டப்புறம் கழட்டறதுதான் ஆபத்து. உங்களுக்கென்ன தெரியும்?"

அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பின்சுவரிலிருந்து மண் உதிரும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

மச்சான் என்னைப் பார்த்தான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். "இது மொதல்ல இருந்தது உங்க கையில. நீங்க போட்டுக்கிறீங்கன்னா கழட்டறேன். போட்டுக்குவீங்களா?"

நான் கையை நீட்டினேன்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு மறைந்தது. சோப்புத் தண்ணீர் தொட்டு, திருகித் திருகி மோதிரத்தைக் கழற்றினான். அது இருந்த இடத்தில் தோல் ஊறி வெளுத்துக் கிடந்தது. என் நடு விரலில் போட்டுவிட்டான். போட்ட உடனே ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றான். அவன் மனைவியும் குழந்தையின் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

அந்த வாரமே அவன் கையெழுத்துப் போட்டான். வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவிலேயே வாடகைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்த மறுவாரம், மழையில் அந்தப் பின்சுவர் முழுதாக விழுந்துவிட்டது என்று மச்சானிடம் மாட்டை வாங்கிய ஆள் வந்து சொன்னார். மச்சான் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான். என் கையைப் பார்த்துப் பேசுவதில்லை.

மேஸ்திரி என்னைச் சூளைப் பக்கம் விடுவதில்லை. பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. வேறொன்றுதான் தூங்க விடுவதில்லை.

மனைவி நேற்றும் சண்டை போட்டாள். "அவன் கழட்டினான், ஒண்ணும் ஆவல இல்ல? நீங்களும் கழட்டிப் போடுங்க."

"அவன் கழட்டல. மாத்துனான்," என்றேன்.

"சரி, கடையிலயாவது குடுங்க."

போனேன். மங்கலம்பேட்டை கடைக்கு எதிரே நெடுநேரம் நின்றேன். பாய் உள்ளே யாருக்கோ கல் காட்டிக்கொண்டிருந்தார். கழற்றுவதற்காக மோதிரத்தைப் பிடித்தபோது குழந்தையின் ஞாபகம் வந்தது. நான் கழற்றிய அன்றே அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? பஸ் பிடித்து வந்துவிட்டேன். மச்சான் சொன்னபோது நான் அதை நம்பவில்லை. இப்போது அவன் நம்புவதில்லை, நான் நம்புகிறேன்.

இன்று சாயங்காலம் அவன் மகன் தத்தித் தத்தி எங்கள் வீட்டுக்கு வந்தான். விளக்கு வெளிச்சத்தில் கல் மின்னியதும் அது வேண்டுமென்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். நான் என் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவன் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். விளையாட்டு என்று நினைத்து அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். அவன் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றேன்.

கார்த்திகை மாதம், இரண்டாம் சனிக்கிழமை.